தொண்டை தெரியவில்லை

"தொண்டை தெரியவில்லை. பதிவு ஏற்கப்படவில்லை."

இரண்டே வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மோர் சாதம் சாப்பிட்ட வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். அப்புறம் போய்க் கை கழுவினேன். அன்றைக்குத் தூக்கம்கூட நன்றாகத்தான் வந்தது.

என் பெயர் லோகநாயகி. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக் கூடத்தில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். முள் ஒரு கோடு தள்ளி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தைப் பார்த்துத்தான், பறவை பார்க்கிறவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இணையதளத்தில், செங்கல்பட்டு மாவட்டத்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் உண்டு. பருந்தைக் கழுகு என்று எழுதுகிறவர்களையும், அடுத்தவன் எடுத்த படத்தைத் தன் படம் என்று போடுகிறவர்களையும் நான் விட்டதே இல்லை. முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சொல்வார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன்.

நான் நிராகரித்த அந்தப் பதிவு கிருபாகரனுடையது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் அவர் நடத்துனர். முப்பத்தெட்டு வயது, புதன்கிழமை வார ஓய்வு. எல்லோரும் அந்த ஒரு நாளில் தூங்குவார்கள். இவர் விடியற்காலையில் கைப்பேசியையும் ஒரு குட்டி மைக்கையும் எடுத்துக்கொண்டு புதர் புதராகப் போய்ப் பறவைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் தேதி, இடம், நேரம் இவற்றைத் தங்கள் குரலில் சொல்லிவிடுவார்கள். கிருபாகரனுக்குத் தன் குரலைத் தானே கேட்க வெட்கம். அதனால் வேலைக்கு வைத்திருந்த விசிலையே எடுத்து ஊதிவிடுவார். தொடங்கும்போது சின்னதாக இரண்டு, முடிக்கும்போது நீளமாக ஒன்று. பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு என்றால் போகலாம், ஒன்று என்றால் நிறுத்து. அவருடைய விசில் எப்போதோ கீழே விழுந்து விளிம்பில் கீறல் விட்டிருந்தது. அதனால் நீள விசிலின் நடுவே விக்கல் எடுத்ததுபோல ஒரு வெட்டு விழும். "இது பறவை ஆராய்ச்சியா, பஸ் ஸ்டாண்டா?" என்று ஒரு முறை கேட்டேன். "ரெண்டும் தான் மேடம்" என்று சிரித்தார்.

அவருக்கும் எனக்கும் வழக்கு இரண்டு குருவிகளைப் பற்றி. இரண்டும் ஈப்பிடிப்பான்கள். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, பூச்சி பறந்ததும் பாய்ந்து பிடித்து, திரும்ப அதே கிளைக்கு வந்து உட்காரும். இரண்டிலும் ஆணுக்கு முதுகு கருநீலம், மார்பு ஆரஞ்சு, வயிறு வெள்ளை. ஒன்று டிக்கெல் நீல ஈப்பிடிப்பான், இன்னொன்று நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். பத்தடி தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் குழப்பும். பிரித்துச் சொல்ல உறுதியான இடம் ஒன்றுதான், தொண்டை. டிக்கெலுக்கு ஆரஞ்சு அலகின் அடியிலேயே தொடங்கிவிடும். நீலத்தொண்டைக்குக் கழுத்து முழுக்க நீலம், மார்பில்தான் ஆரஞ்சு.

ஆனால் வாழ்க்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். டிக்கெல் பிறந்த புதரை விட்டு நகராது. நாலு மரம், ஒரு பள்ளம், அதுதான் அதன் உலகம். நீலத்தொண்டை இமயமலை அடிவாரத்துக்காரன். குளிருக்குத் தெற்கே வந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடும். கிருபாகரன் இதைத் தன் பாணியில் சொல்வார்: "டிக்கெலு டவுன் பஸ்ஸு மேடம், நீலத்தொண்டை லாங் ரூட்டு."

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாசி மாதத்தில், நீலத்தொண்டை என்று ஒரு பதிவு போட்டார். படம் இல்லை, ஒலிப்பதிவு மட்டும். இடம், வேடந்தாங்கல் ஏரிக்கரை. எனக்குக் கேட்டதுமே எரிச்சல். நீலத்தொண்டை நம் பக்கம் வந்தால் பெரும்பாலும் பாடாது, 'டிக் டிக்' என்று சொடுக்குவதோடு சரி. தவிர, இந்தக் குருவிக்கு நிழலும் புதரும் வேண்டும். ஏரிக்கரையில் அதற்கு என்ன வேலை? அதனால்தான் அந்த இரண்டு வரி.

அவர் பதில் எழுதினார். "புதன்கெழம தொண்டையோட வரேன் மேடம்."

அந்தப் புதன்கிழமை காலை போனவர் வரவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். குருவி பார்க்கப் போகிறேன் என்று மட்டும்தான் மனைவியிடம் சொல்லியிருந்தாராம். அவர் கைப்பேசி கடைசியாகத் தொடர்பில் இருந்த செல்போன் கோபுரம் திருக்கழுக்குன்றத்தினுடையது. வீடே அங்கேதான் என்பதால் அது எதையும் சொல்லவில்லை. எங்கே போயிருப்பார் என்று கேட்டார். பதிவைத் திறந்து பார்த்து, "வேடந்தாங்கல்" என்றேன். சந்தேகமே இல்லாத குரலில் சொன்னேன். ஏரியில் படகு விட்டுத் தேடினார்கள், கரையெல்லாம் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஊர் தன் கதையைக் கட்டிக்கொண்டது. தினமும் அவருடைய பேருந்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாளாம். இது போதாதா?

அவர் மனைவி தமிழ்ச்செல்வி ஒரு நாள் என் குடியிருப்புக்கு வந்தாள். மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. சீருடையோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒங்களாண்டதான் நெறயப் பேசுவாரு. எந்தப் பொம்பளையப் பத்தியாச்சும் சொல்லிக்கிறாரா மேடம்? இருந்தா சொல்லிடுங்க. நான் சண்டைலாம் போட மாட்டேன். செத்தாரா, வுட்டுட்டுப் போனாரா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"எங்களுக்குள் பறவை பற்றித்தான் பேச்சு" என்றேன். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இந்தத் தை மாதம், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் ஷ்யாம் என்கிற பையன் ஒரு ஒலிப்பதிவு போட்டிருந்தான். பறவை பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. "டிக்கெலா, நீலத்தொண்டையா? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். வெள்ளிக் கம்பியைத் தட்டினாற்போல ஆறேழு சுரம் இறங்கி ஏறியது. டிக்கெல் மாதிரி இருந்தது, கொஞ்சம் நீலத்தொண்டை மாதிரியும் இருந்தது. நாற்பதாவது விநாடியில் அந்தக் குருவி நீளமாக ஒரு விசில் ஊதியது. அதன் நடுவே ஒரு விக்கல்.

காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். எடுத்து மாட்டி மறுபடியும் கேட்டேன். நான்கு நிமிடப் பதிவில் பதினோரு முறை அந்த ஒற்றை விசில் வந்தது.

ஷ்யாம் புதியவன், அதனால் இடத்தை உள்ளபடியே குறித்திருந்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், நாலு கிலோமீட்டரில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முட்டுக்காடு கூட்டம் ஞாபகம் வந்தது. படகுத்துறை பக்கத்தில் பறவை ஆர்வலர்கள் நாற்பது பேர் கூடியிருந்தோம். ஒரு அபூர்வப் பறவையின் இடத்தை யாராவது எழுதினால் மறுநாளே பெரிய பெரிய லென்சோடு கூட்டம் வந்து, அதன் குரலைப் போட்டுப் போட்டு அதைத் துரத்திவிடும். அதனால் நான்தான் எழுந்து நின்று சொன்னேன்: "அபூர்வப் பறவையா? உண்மையான இடத்தை எழுதாதீர்கள். பல கிலோமீட்டர் தள்ளி எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஊரைப் போடுங்கள். வேடந்தாங்கல் என்று போடுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது." முதல் வரிசையில் உட்கார்ந்து கிருபாகரன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் சொல்லிக் கொடுத்த பொய்யையே படித்துப் போலீசுக்கு வழி காட்டியிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தமிழ்ச்செல்விக்கு அந்த ஒலிப்பதிவை அனுப்பி, இது அவருடைய விசில்தானா என்று கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள். "எந்த எடம் மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பி, ஏழு மணிக்குக் குவாரிக்குத் திரும்பும் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தேன். குவாரிக்குப் போகும் மண்பாதை சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு. கடைக்காரம்மா பெயர் சரோஜா. ஐம்பது வயசு இருக்கும். அடுப்பில் வேலையாக இருந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமா, குவாரிக்கு உள்ளயா போற? ஒண்டியாவா?"

"ஆமாம். ஒருத்தர் பஸ்ஸில் வரணும். இங்கே பஸ் நிற்குமா?"

"ஸ்டாப்பிங் இல்ல. கைய காட்டுனா நிறுத்துவான்." டீயை ஆற்றிக்கொண்டே குவாரிப் பக்கம் தலையை அசைத்தாள். "அங்க வாணாம்மா. அங்க ஒரு விசிலு கேக்குது. பஸ்ஸே இல்லாம விசிலு."

"எப்போதிலிருந்து?"

"இப்ப ஒரு வருசமா அப்பப்ப கேக்குது. ஆனா மொதல்ல கேட்டது ரெண்டு வருசம் முன்னாடி, மாசி மாசம். ஒரு புதன்கெழம வெயிலு ஏற சொல்ல ஆரம்பிச்சிது. வுடாம ஊதிகினே கீது. ரோட்டுல பஸ்ஸு எதனா ரிப்பேராயி நிக்குதான்னு எங்க வூட்டுக்காரரு ரெண்டு தபா வந்து பாத்தாரு. ரோடு காலி. ரா பகலு ஊதுச்சி. அப்பால கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி போச்சி. அஞ்சாம் நாளு காத்தால ஒண்ணே ஒண்ணு. அத்தோட நின்னுச்சி."

அவள் தந்திருந்த டீ டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தேன்.

"உள்ளே போய் யாரும் பார்க்கலையா?"

"யாரு போவா? காத்து கருப்புன்னு பயந்து, அந்த வேப்ப மரத்தாண்ட கற்பூரம் கொளுத்திட்டு, ஆடு ஓட்டறதக்கூட அந்தப் பக்கம் நிறுத்திட்டோம்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். டீ ஆற்றிய கை நின்றது. "ஏம்மா, இன்னா ஆச்சி?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். சரோஜா கையிலிருந்த டபராவை அப்படியே தரையில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பேயென்று பயந்தவளாவது விசிலைக் கேட்டாள். நான் முழுப் பதிவைக்கூடக் கேட்காமல் கை கழுவப் போனவள்.

"இப்ப வர்றது அவரோட பொண்டாட்டி" என்றேன். "அஞ்சு நாள் என்பதை மட்டும் சொல்லிடாதீங்க."

அப்போது சாலையில் நீளமாக ஒரு விசில் கேட்டது. இருவரும் எழுந்துவிட்டோம். நிஜமான பேருந்துதான். தமிழ்ச்செல்வி இறங்கினாள். இரண்டு விசில், பேருந்து போய்விட்டது. நெற்றியில் பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரையோ அழைத்துப் போக வந்தவளைப்போல ஒரு பையில் சட்டை வேட்டிகூட வைத்திருந்தாள்.

மண்பாதையில் நடந்தோம். இருபுறமும் வேலிகாத்தான் முள், அப்புறம் பெரிய பெரிய புங்கமரங்கள். வெளியே வெயில் ஏறிவிட்டது, உள்ளே மட்டும் விடியற்காலை மிச்சமிருந்தது. ஆட்டுக்கால் தடம் ஒன்றுகூட இல்லை. குவாரியின் விளிம்பு புல்லும் கொடியும் மூடிக் கிடந்தது. பத்தடிக்கு முன்னால் நின்றால்கூட அங்கே பள்ளம் இருப்பது தெரியாது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

விசில் கேட்டது. பள்ளத்துப் பக்கமிருந்து, நீளமாக, நடுவே விக்கலோடு.

"ஏங்க!" என்று கத்திவிட்டாள் தமிழ்ச்செல்வி. பாய்ந்து ஓடப் போனவளை இரண்டு கையாலும் இடுப்பில் கட்டிப் பிடித்தேன்.

"அது குருவி. தமிழ்ச்செல்வி, கேளு, அது குருவி."

"தெரியும் மேடம். தெரியும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "எந்தக் குருவி? டவுன் பஸ்ஸா, லாங் ரூட்டா?"

நான் பிடியைத் தளர்த்தினேன்.

"ரெண்டையும் பத்தி சொல்லிக்கிறாரு எனக்கு. ஒண்ணு இங்கயே கெடக்கும், ஒண்ணு வடக்கேந்து வரும். லாங் ரூட்டுன்னா, அது எங்கயோ வடக்க அவரு ஊதறதக் கேட்டுக் கத்துகினு வந்துக்கும் இல்ல? அவரு எங்கனா கீறாருன்னு அர்த்தம் இல்ல? எவளோடயாச்சும் இருந்துட்டுப் போறாரு. பரவால்ல மேடம். நல்லா பாத்து சொல்லுங்க."

என் வாழ்நாளில் ஒரு பறவை இன்னதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு ஆசைப்பட்டேன். நீலத்தொண்டையாக இரு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த ஆள் பொய்யனாக, பெண்டாட்டியை விட்டு ஓடியவனாக, எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும். என் பதிவேட்டில் நூறு தப்பு ஏறட்டும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தன் இனத்தின் பாட்டைக் கேட்டால், தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று ஆண் குருவி கோபத்தோடு பாய்ந்து வரும். இன்னொரு இனத்தின் பாட்டை அநேகமாகச் சட்டை செய்யாது. கைப்பேசியில் முதலில் நீலத்தொண்டையின் பாட்டைப் போட்டேன். காத்திருந்தோம். ஒரு இலைகூட ஆடவில்லை. இன்னொரு முறை போட்டேன். தமிழ்ச்செல்வி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையும் அதையே போட்டேன். அதற்கு மேல் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

டிக்கெலின் பாட்டைப் போட்டேன். அது முடியக்கூட இல்லை. நீலமாக ஏதோ முகத்துக்கு நேரே விர்ரென்று வந்து, ஆறடி தூரத்துப் புங்கக் கிளையில் உட்கார்ந்தது. எங்களை நேராகப் பார்த்தது. தலையைத் தூக்கி, அலகைத் திறந்து, நீளமாக ஒரு விசில் ஊதியது. ஊதும்போது தொண்டை அதிர்வது தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தது. அலகின் அடியிலிருந்து மார்பு வரை ஆரஞ்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் கேட்ட தொண்டை.

"சொல்லுங்க மேடம்" என்றாள்.

"டவுன் பஸ்" என்றேன்.

அவள் அழவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வயிற்றால் தவழ்ந்து விளிம்புக்குப் போய்க் கொடியை விலக்கிப் பார்த்தேன். இருபதடி கீழே, செங்குத்துச் சுவரின் பாதியில், கட்டில் அளவுக்கு ஒரு கல் திட்டு. அதன் மேல் சில்லு சில்லாக உடைந்த கைப்பேசியும் மைக் கம்பியும் ஒரு செருப்பும் சட்டைத் துணியும் தெரிந்தன. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி வரப் பத்து மணி ஆகிவிட்டது. எங்களை டீக்கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் ஒரு அதிகாரி வந்து, கறுப்புக் கயிற்றில் கோத்த விசிலைக் காட்டினார். தமிழ்ச்செல்வி விளிம்பில் இருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறோம் என்றார். நல்ல மனுஷன். போகும்போது, "விழுந்ததுமே உசுரு போயிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமிழ்ச்செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"விழுந்ததுமே போய்ட்டாருன்னா, குருவிக்கு யாரு மேடம் கத்துக் குடுத்தது?"

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். "ஒவ்வொரு தடவை பதிவு முடிக்கும்போதும் ஒரு விசில் ஊதுவாரே. அதைக் கேட்டே பழகியிருக்கும். குஞ்சாக இருக்கும்போது ஒரு தடவை கேட்டாலே போதும், பிடித்துக்கொள்ளும்."

அப்பட்டமான பொய். முதல் வருஷத்து ஆண் குஞ்சு மாசி, பங்குனியில் பாட்டுப் பழகும். காதில் திரும்பத் திரும்ப, நாள் கணக்கில் விழுகிறதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆதாரம் இல்லாத ஒன்றை நான் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"தொடங்க சொல்ல ரெண்டு ஊதுவாரே. அது ஏன் அதுக்குத் தெரியல?"

"அது... இரண்டு விசில் கொஞ்சம் கஷ்டம். எளிதானதைத்தான் எடுத்துக்கொள்ளும்."

அவள் சரோஜாவைப் பார்த்தாள். "ஒனக்கு எதுனா கேட்டுச்சாக்கா, அப்போ?"

சரோஜா குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலமா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கிறேன் என்றேன். தமிழ்ச்செல்வி வேண்டாம் என்றுவிட்டாள். அவர் வேலை பார்த்த தடம் இது, பேருந்திலேயே போகலாம் என்றாள். ஸ்கூட்டரைக் கடையில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். மாமல்லபுரத்திலிருந்து வந்த பேருந்தைச் சரோஜாதான் சாலைக்கு நடுவில் போய் நின்று கை காட்டி நிறுத்தினாள். ஏறினோம். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை கிடைத்தது. நடத்துனர் இரண்டு விசில் கொடுத்தார், பேருந்து நகர்ந்தது.

முப்பது அடிகூடப் போயிருக்காது. பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. நீளமாக, நடுவே ஒரு விக்கலோடு. என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கக் கூடிய குரல் இல்லை அந்தக் குருவிக்கு. ஆனால் கேட்டது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"இன்னாண்ணாத்த, ஏன் நிறுத்தன?" என்றார் நடத்துனர்.

"நீதானப்பா ஊதன."

"நான் எங்க ஊதனேன்? விசிலு கையில கீது, பாரு."

படியிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். சாலை காலி. ஏறவும் யாரும் இல்லை, இறங்கவும் யாரும் இல்லை. என்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. தமிழ்ச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தாள்.

"நெறய வாட்டி ஊதிக்கிறாரு, இல்ல மேடம்?"

என் வாயில் இன்னொரு பொய் தயாராக இருந்தது. வெளியே வரவில்லை.

"ஆமாம்" என்றேன். "அஞ்சு நாள்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. நடத்துனர் இன்னொரு முறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து இரண்டு விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பியது.